எதிர்த்து நிற்கும் மின்கலங்கள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)



மூன்று மின்கலங்கள் போடும் டார்ச் விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். நடுவில் உள்ள மின்கலத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மூடுங்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு மூன்று விதமான விடைகள் வருவதுண்டு. “விளக்கு எரியவே எரியாது” என்பது ஒன்று. “திருப்பிப் போட்டது வேலை செய்யாது, மற்ற இரண்டும் வேலை செய்யும், ஆகையால் மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டம் கிடைக்கும்” என்பது இரண்டாவது. “ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்” என்பது மூன்றாவது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் மூன்றாவது விடையே உண்மைக்கு மிக அருகில் உள்ளது. அஃது எவ்வாறு என்பதையும், இவ்வாறு மின்கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்போது மின்னோட்டத்தைக் கணக்கிடுவது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இதற்குக் கடினமான கணிதம் எதுவும் வேண்டாம். கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் சில சொற்கள்

மின்கலம் என்பது மின்சாரத்தை நிரப்பி வைத்திருக்கும் குடம் அன்று. அது கிணற்றில் உள்ள பம்பைப் போன்றது. பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. அதுபோல மின்கலமும் தனக்குள் நிகழும் வேதி மாற்றத்தின் வலிமையால், கம்பியில் ஏற்கனவே உள்ள மின்னூட்டங்களைச் சுற்றி வரத் தள்ளுகிறது. இந்தத் தள்ளும் வலிமைக்கு மின்னியக்கு விசை என்று பெயர். இதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்த இத்தாலி நாட்டு வோல்டாவின் நினைவாக வைத்த பெயர் அது.

மின்னூட்டங்கள் ஓடும் வழியில் ஏற்படும் தடங்கல் மின்தடை. இதன் அலகு ஓம். ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து செல்கிறது என்பது மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். இம்மூன்றுக்கும் உள்ள உறவை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஜெர்மனி நாட்டு ஜார்ஜ் சைமன் ஓம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவருடைய நூலை முதலில் பலர் மதிக்கவில்லை. பின்னர் 1841இல் இங்கிலாந்தின் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

இன்னும் ஒரே ஒரு சொல் உள்ளது. மின்கலத்தின் உள்ளேயும் மின்னோட்டம் ஓட வேண்டும் அல்லவா? அங்கும் சிறிது தடை உண்டு. அதுவே அக மின்தடை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு தடையைக் கணக்கில் சேர்க்க மறந்தால் விடை தவறிவிடும்.

கயிறு இழுக்கும் போட்டி

நம் பள்ளி விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி நடப்பதைப் பார்த்திருக்கிறோம். எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தால் வலிமைகள் கூடும். இரு பக்கமும் நின்று இழுத்தால் வலிமைகள் கழியும். எந்தப் பக்கம் வலிமை மிகுதியோ அந்தப் பக்கம் கயிறு நகரும்.

மின்கலங்களும் இப்படித்தான். ஒன்றின் நேர் முனை அடுத்ததன் எதிர் முனையைத் தொடுமாறு வரிசையாக இணைத்தால் அவை ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. மின்னியக்கு விசைகள் கூடுகின்றன. நேர் முனையும் நேர் முனையும் பார்த்துக் கொள்ளுமாறு இணைத்தால் அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றன. விசைகள் கழிகின்றன.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசைகள் கழியும், தடைகள் ஒருபோதும் கழியமாட்டா. மேடு பள்ளமான தெருவில் நீங்கள் கிழக்கே நடந்தாலும் மேற்கே நடந்தாலும் தெருவின் கரடுமுரடு அதேதான். அதுபோல மின்கலம் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் அதன் அக மின்தடை மின்னோட்டத்தைத் தடுக்கவே செய்யும். எதிர்த்து நிற்கும் மின்கலத்தின் விசையைக் கழிக்கும்போது அதன் தடையையும் சேர்த்துக் கழித்து விடுவது தேர்வுத் தாள்களில் அடிக்கடி வரும் பிழையாகும்.

கிர்க்காஃப் காட்டிய வழி

1845ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பர்க் நகரில் குஸ்தாவ் கிர்க்காஃப் என்னும் மாணவர் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நம் அக்காமார் வயதுதான்! எவ்வளவு சிக்கலான மின்சுற்றிலும் பயன்படக் கூடிய இரண்டு விதிகளை அவர் அந்த ஆண்டில் வெளியிட்டார். அவற்றுள் இரண்டாவது விதி நமக்கு வேண்டியது. அதை எளிய தமிழில் இவ்வாறு சொல்லலாம்: ஒரு மூடிய சுற்றை முழுவதும் சுற்றி வந்தால், வழியில் உள்ள மின்னியக்கு விசைகளைக் குறியோடு கூட்டி வரும் தொகை, மின்னோட்டத்தைத் தடைகளால் பெருக்கி வரும் தொகைக்குச் சமம்.

இதை மலைக்கோயிலுக்கோ மலை மேல் உள்ள ஆலயத்துக்கோ ஏறி இறங்குவதோடு ஒப்பிடலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? மின்கலங்கள் ஏற்றி விடுகின்றன. தடைகள் இறக்கி விடுகின்றன. எதிர்த்து நிற்கும் மின்கலமும் இறக்கமே.

கணக்குச் செய்யும் முறை நான்கு படிகள் கொண்டது.

1. மின்னோட்டம் இந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒரு திசையை எடுத்துக் கொள்ளுங்கள். அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2. அந்தத் திசையில் மனத்தால் நடந்து செல்லுங்கள். ஒரு மின்கலத்தின் எதிர் முனையில் நுழைந்து நேர் முனையில் வெளியே வந்தால் அதன் விசைக்குக் கூட்டல் குறி. நேர் முனையில் நுழைந்து எதிர் முனையில் வெளியே வந்தால் கழித்தல் குறி.

3. எல்லாத் தடைகளையும், அக மின்தடைகள் உட்பட, கூட்டுங்கள்.

4. விசைகளின் தொகையைத் தடைகளின் தொகையால் வகுங்கள். வருவதே மின்னோட்டம்.

விடை கழித்தல் குறியோடு வந்தால் அஞ்ச வேண்டாம். கணக்கு தவறிவிட்டது என்பது பொருள் அன்று. நாம் எடுத்துக் கொண்ட திசைக்கு எதிர்த் திசையில் மின்னோட்டம் ஓடுகிறது என்பதே பொருள். அளவு மாறாது.

ஒரு கணக்கு

6 வோல்ட் மின்னியக்கு விசையும் 1 ஓம் அக மின்தடையும் கொண்ட பெரிய மின்கல அடுக்கு ஒன்று. 2 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அக மின்தடையும் கொண்ட சிறிய மின்கலம் ஒன்று. இரண்டையும் எதிர்த்து நிற்குமாறு வைத்து, 2.5 ஓம் தடையுள்ள கம்பிச்சுருள் ஒன்றையும் சேர்த்து ஒரே சுற்றாக இணைக்கிறோம்.

பெரியது தள்ளும் திசையையே எடுத்துக் கொள்வோம்.

விசைகளின் தொகை: 6 – 2 = 4 வோல்ட்.
தடைகளின் தொகை: 1 + 0.5 + 2.5 = 4 ஓம்.
மின்னோட்டம்: 4 ÷ 4 = 1 ஆம்பியர்.

சிறியது தள்ளும் திசையை எடுத்திருந்தால் 2 – 6 = – 4 வோல்ட்; விடை – 1 ஆம்பியர். அதே 1 ஆம்பியர்தான். திசை மட்டும் மறுபக்கம். சிறிய மின்கலத்தைத் திருப்பித் துணையாக இணைத்திருந்தால் 8 ÷ 4 = 2 ஆம்பியர் கிடைத்திருக்கும்.

விடை சரியா என்று சோதித்துப் பார்ப்போம். பெரிய அடுக்கின் முனைகளுக்கு நடுவே வோல்ட்மீட்டரை வைத்தால் 6 வோல்ட் காட்டாது. உள்ளே 1 ஆம்பியர் × 1 ஓம் = 1 வோல்ட் குறைந்துவிடுவதால் 5 வோல்ட் காட்டும். சிறிய மின்கலத்தின் முனைகளில் வைத்தால் எவ்வளவு காட்டும்? 2 வோல்ட்டை விடக் குறைவு என்று எண்ணத் தோன்றும். அதுதான் இல்லை! அதற்குள் மின்னோட்டம் பின்னோக்கித் தள்ளப்படுவதால் 2 + 0.5 = 2.5 வோல்ட் காட்டும். தோற்கும் மின்கலம் தன் சொந்த விசையை விட அதிகமாகக் காட்டுவது இச்சுற்றின் வியப்பான செய்தி. 5 வோல்ட்டில் 2.5 வோல்ட் போக மீதி 2.5 வோல்ட். கம்பிச்சுருளில் 1 ஆம்பியர் × 2.5 ஓம் = 2.5 வோல்ட். கணக்கு சரியாகிவிட்டது.

ஆற்றல் எங்கே போயிற்று என்றும் பார்க்கலாம். பெரிய அடுக்கு ஒவ்வொரு நொடியும் தரும் ஆற்றல் 6 × 1 = 6 வாட். தடைகளில் வெப்பமாகப் போவது 1 × 1 × 4 = 4 வாட். மீதி 2 வாட் சிறிய மின்கலத்துக்குள் செல்கிறது. அது திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யக் கூடிய சேம மின்கலமாக இருந்தால் அந்த ஆற்றலை வேதி ஆற்றலாகச் சேமித்துக் கொள்ளும். தோற்றவர் வென்றவரிடமிருந்து பரிசு பெறும் போட்டி இது ஒன்றுதான் போலும்!

டார்ச் விளக்கின் விடை

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு மின்கலமும் 1.5 வோல்ட், அக மின்தடை 0.5 ஓம், பல்பின் தடை 7.5 ஓம் என்று கொள்வோம்.

சரியாகப் போட்டால்: விசை 4.5 வோல்ட், தடை 1.5 + 7.5 = 9 ஓம்; மின்னோட்டம் 0.5 ஆம்பியர்.

ஒன்றைத் திருப்பிப் போட்டால்: விசை 1.5 + 1.5 – 1.5 = 1.5 வோல்ட், தடை அதே 9 ஓம், மின்னோட்டம் ஆறில் ஒரு பங்கு ஆம்பியர்.

அதாவது மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்கலம் ஒன்று மட்டும் வீணாகவில்லை. அது மற்றொன்றின் வேலையையும் அழித்துவிட்டது. “ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்” என்பது எவ்வளவு பொருத்தம்! பல்பில் வெளிப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அஃது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை குறைவு. ஆதலால் உண்மையில் மின்னோட்டம் இக்கணக்கை விடச் சற்று மிகும். ஆயினும் இழை மங்கிச் சிவந்து தெரிவதே பெரிது, வெளிச்சம் பயன்படாது. இக்காலத்து எல்.இ.டி. டார்ச்சாக இருந்தால் அதுவும் இல்லை. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட்டில் அது கண்ணையே திறக்காது.

இதில் கேடும் உண்டு. சாதாரண உலர் மின்கலம் மின்னேற்றம் செய்வதற்காகச் செய்யப்பட்டது அன்று. அதற்குள் மின்னோட்டம் பின்னோக்கிச் சென்றால் வாயு உண்டாகி, உறை வீங்கி, உள்ளிருக்கும் அரிக்கும் பொருள் கசியக் கூடும். சுவர்க் கடிகாரத்திலும் தம்பி தங்கையர் பொம்மையிலும் மின்கலம் மாற்றும்போது கூட்டல் குறியைப் பார்த்துப் போடச் சொல்வது இதனால்தான்.

சமமாக எதிர்த்தால்

எதிர்த்து நிற்கும் இரண்டு விசைகளும் சமமாக இருந்தால்? கழித்தால் பூச்சியம். தடை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மின்னோட்டம் பூச்சியமே. பயனற்றதுபோல் தோன்றும் இந்தப் பூச்சியத்தை விஞ்ஞானிகள் மிகச் சிறந்த அளவுகோலாக மாற்றிவிட்டனர். 1841இல் ஜெர்மனி நாட்டுப் போகன்டார்ஃப் இம்முறையை விளக்கினார். மேல்வகுப்பு ஆய்வுக்கூடத்தில் உள்ள மின்னழுத்தமானி இதே தத்துவத்தில் அமைந்தது.

பத்து மீட்டர் நீளமுள்ள சீரான கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 2 வோல்ட் இருக்கட்டும். அப்படியானால் ஒரு மீட்டருக்கு 0.2 வோல்ட். அளக்க வேண்டிய மின்கலத்தை எதிர்த்து நிற்குமாறு இணைத்து, கால்வனாமீட்டரின் முள் பூச்சியத்தில் நிற்கும் இடத்தைக் கம்பியில் தொட்டுத் தேடுகிறோம். அஃது 5.4 மீட்டரில் கிடைத்தால் மின்கலத்தின் விசை 5.4 × 0.2 = 1.08 வோல்ட். டேனியல் மின்கலத்துக்கு ஏறத்தாழ இந்த அளவே வரும். அந்த நிலையில் மின்கலத்தில் மின்னோட்டமே இல்லை. ஆகவே அதன் அக மின்தடை எவ்வளவாக இருந்தாலும் அளவு கெடாது. வோல்ட்மீட்டரால் முடியாததைப் பூச்சியம் முடித்து வைக்கிறது.

மின்னேற்றம் செய்தல்

பேருந்து, கார் ஆகியவற்றில் இருக்கும் ஈய-அமில பாட்டரியைப் பார்த்திருப்பீர்கள். 1859இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே கண்டுபிடித்த வகை அது. ஆறு அறைகள், அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆக, நிறைந்த பாட்டரிக்கு 12.6 வோல்ட் இருக்கும். நம் வீடுகளில் மின்தடை நேரத்தில் உதவும் இன்வெர்ட்டர்கள் பலவற்றிலும் இதே வகைதான்.

இதற்கு மின்னேற்றம் செய்வது என்றால் என்ன? பாட்டரியை விட வலிய ஒரு மூலத்தை அதற்கு எதிராக நிறுத்துவதுதான். 14 வோல்ட் தரும் மின்னேற்றியை, விசை 12 வோல்ட்டாக இறங்கிவிட்ட பாட்டரியோடு இணைப்போம். மொத்தத் தடை 0.1 ஓம் எனில்,

மின்னோட்டம்: (14 – 12) ÷ 0.1 = 20 ஆம்பியர்.

நேரம் செல்லச் செல்லப் பாட்டரியின் விசை உயர்கிறது. அது 13.5 வோல்ட் ஆகும்போது,

மின்னோட்டம்: (14 – 13.5) ÷ 0.1 = 5 ஆம்பியர்.

பசித்த குழந்தை முதலில் வேகமாக உண்டு, வயிறு நிறைய நிறைய மெதுவாக உண்பது போல, பாட்டரியும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக் கொள்கிறது. யாரும் பக்கத்தில் நின்று குறைக்க வேண்டியதில்லை. கழித்தல் கணக்கே காவல் காக்கிறது.

விடை கழித்தல் குறியோடு வருவதற்கு வாழ்க்கையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மாடியில் வைக்கும் சூரிய ஒளித் தகடு பகலில் பாட்டரியை வெல்கிறது. மாலையில் அதன் விசை பாட்டரியை விடக் குறைந்துவிடும். அப்போது மின்னோட்டம் திசை மாறிப் பாட்டரியிலிருந்து தகட்டுக்கு ஓடப் பார்க்கும். பகலெல்லாம் சேர்த்ததை இரவில் இழக்காதிருக்க, ஒரு திசையில் மட்டும் வழிவிடும் டையோடு என்னும் சிறு கருவி நடுவில் வைக்கப்படுகிறது. பழைய பேருந்துகளில் டைனமோ மெதுவாகச் சுற்றும்போது இதே இடர் வரும். அங்கே கட்-அவுட் என்னும் தானியங்கிச் சாவி சுற்றைத் துண்டித்துவிடும்.

ஒரு குறி மாறினால்

இப்போது நான் சொல்லப் போவது எங்கள் தெருவில் நடந்தது. வேன் ஓட்டும் அண்ணன் ஒருவரின் வண்டி ஒருநாள் விடியற்காலையில் புறப்படவில்லை. பாட்டரி இறங்கிவிட்டது. அடுத்த வண்டியின் பாட்டரியிலிருந்து இரண்டு தடித்த கம்பிகளால் இணைப்புக் கொடுத்தார். இருட்டில் முனை மாறிவிட்டது. தீப்பொறி பறந்தது. கம்பியின் மேலுறை உருகிக் கையில் ஒட்டியது. உள்ளங்கை வெந்து இரண்டு வாரம் அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. “வெறும் பன்னிரண்டு வோல்ட், தொட்டால்கூட ஷாக் அடிக்காதே! எப்படிச் சுட்டது?” என்று எல்லாரும் வியந்தனர். நம் கணக்கு இதற்கு விடை சொல்லும்.

நல்ல பாட்டரி 12.6 வோல்ட், இறங்கிய பாட்டரி 11.4 வோல்ட் என்று வைத்துக் கொள்வோம். இரண்டின் அக மின்தடையும் தலா 0.02 ஓம், கம்பிகள் இரண்டுக்கும் சேர்த்து 0.02 ஓம். மொத்தம் 0.06 ஓம்.

சரியான முறை நேர் முனையை நேர் முனையோடும், எதிர் முனையை எதிர் முனையோடும் இணைப்பது. சுற்றி நடந்து பாருங்கள். ஒன்றின் நேர் முனையில் வெளியே வந்து, மற்றதன் நேர் முனையில் நுழைகிறோம். ஆக, இரண்டும் எதிர்த்து நிற்கின்றன.

மின்னோட்டம்: (12.6 – 11.4) ÷ 0.06 = 20 ஆம்பியர்.

முனை மாறினால் இரண்டும் துணை நின்றுவிடும். கழித்தல் குறி கூட்டல் குறி ஆகும்.

மின்னோட்டம்: (12.6 + 11.4) ÷ 0.06 = 400 ஆம்பியர்.

இருபது மடங்கு! வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால் அது நானூறு மடங்கு. கம்பிகளில் மட்டும் 400 × 400 × 0.02 = 3200 வாட். வாளித் தண்ணீரைச் சுட வைக்கும் 1000 வாட் ஹீட்டர் மூன்றை ஒரே சமயத்தில் கையில் பிடித்ததற்கு இது சமம். மின் அதிர்ச்சி தராத 12 வோல்ட், தடை சிறிதாக இருந்தால் கையைச் சுடும். அதோடு மின்னேற்றத்தின்போது ஈய-அமிலப் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். பொறி பட்டால் அது வெடிக்கும். அமிலம் கண்ணில் தெறிக்கும்.

ஆகவே பாட்டரியைத் தொடுமுன் முனைகளின் குறியை வெளிச்சத்தில் பார்ப்பது இன்றியமையாதது. பல வண்டிப் பாட்டரிகளில் நேர் முனைக் குமிழ் மற்றதைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். சிவப்புக் கம்பி நேர் முனைக்கு, கறுப்புக் கம்பி எதிர் முனைக்கு என்பது வழக்கம். அப்பாமார்களும் அண்ணன்மார்களும் இதைப் படித்தால் நன்று.

சுழலும் மோட்டாரும் ஓர் எதிரி

எதிர்த்து நிற்பது மின்கலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு டைனமோவைப் போலவும் வேலை செய்து, தனக்கு வரும் மின்சாரத்தை எதிர்க்கும் விசை ஒன்றை உண்டாக்குகிறது. 12 வோல்ட்டில் ஓடும் நேர்மின்னோட்ட மோட்டாரின் சுருளுக்கு 1 ஓம் தடை. சுழலும்போது எதிர் விசை 10 வோல்ட் என்போம். மின்னோட்டம் (12 – 10) ÷ 1 = 2 ஆம்பியர். எதிலோ சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் எதிர் விசை பூச்சியம். மின்னோட்டம் 12 ÷ 1 = 12 ஆம்பியர். சுருளில் வெப்பம் 4 வாட்டிலிருந்து 144 வாட்டாக, முப்பத்தாறு மடங்காகப் பெருகும்.

மிக்ஸியில் கெட்டியான மாவு சிக்கிக் கத்தி நின்றுவிட்டால் கருகிய நாற்றம் வருவதும் இதனால்தான். அங்கே ஓடுவது மாறுதிசை மின்னோட்டம் ஆகையால் கணக்கு சற்று வேறுபடும், காரணம் ஒன்றே. மிக்ஸியின் அடியில் இருக்கும் சிறு பொத்தான் அத்தகைய வேளையில் சுற்றைத் துண்டித்துக் காப்பாற்றுகிறது. அம்மா “உடனே நிறுத்து!” என்று சத்தம் போடுவதில் இவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

9 வோல்ட் விசையும் 1 ஓம் அக மின்தடையும் உள்ள ஒன்றும், 3 வோல்ட் விசையும் 1 ஓம் அக மின்தடையும் உள்ள மற்றொன்றும் எதிர்த்து நிற்குமாறு 4 ஓம் தடையோடு ஒரே சுற்றில் இணைக்கப்பட்டுள்ளன.

அ) மின்னோட்டம் எவ்வளவு?
ஆ) ஒவ்வொன்றின் முனைகளிலும் வோல்ட்மீட்டர் எவ்வளவு காட்டும்?
இ) சிறியதைத் திருப்பி இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு?

விடைகள்: அ) 1 ஆம்பியர். ஆ) பெரியதில் 8 வோல்ட், சிறியதில் 4 வோல்ட். இ) 2 ஆம்பியர்.

தோழியரே! விசைகளைக் குறியோடு கூட்ட வேண்டும். தடைகளைக் குறி பாராமல் கூட்ட வேண்டும். பின்பு வகுக்க வேண்டும். இக்கட்டுரை முழுவதும் இவ்வளவுதான். தேர்வுத் தாளில் குறி ஒன்று மாறினால் போவது இரண்டு மதிப்பெண். வண்டிப் பாட்டரியில் மாறினால் போவது ஒருவரின் கையும் கண்ணும். ஆதலால் கணக்கில் குறி பார்க்கப் பழகுவோம். அப்பழக்கம் வீட்டிலும் வீதியிலும் நமக்கும் பிறருக்கும் துணை நிற்கும்.